டோரிஸின் வலது காது

சிம்பாங் பூலாய் கல்யாண மண்டபத்தில் காது கேட்கும் கருவியைத் தொலைத்த பிறகும் டோரிஸுக்கு அதன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் தாங்காமல் அதை வலது காதிலிருந்து கழற்றி, டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தவள் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோனாள். கைப்பேசியில் தேடிப் பார்த்தால், அது கடைசியாக இருந்த இடமென்று மண்டபத்தையே காட்டியது. மண்டபத்தார் குப்பைத் தொட்டிகளைக் கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஆனால் அன்று மாலை, ஈப்போவில் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அவளுடைய வலது காதில் ஒரு பேருந்து ஓடியது. ஓட்டுநர் "சுங்காய், சுங்காய்!" என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்துப் பிளாஸ்டிக் பை சலசலத்தது. வயதான ஒருவர் "ராக்காயி, பிரியாணி சாப்பிடுறியா?" என்று கேட்க, ஓர் ஆடு பதில் சொன்னது. விருந்தில் மிஞ்சியதைக் கட்டிக் கொடுத்தவர்கள் டிஷ்யூவையும் சேர்த்துப் பைக்குள் போட்டிருக்கிறார்கள் என்று டோரிஸுக்குப் புரிந்துவிட்டது.

"வேற வாங்கிக்கலாம் லா," என்றான் கணவன் லியோனார்ட்.

"எதுக்கு? இதுவே நல்லாத்தான் கேக்குது. இருக்கிற இடந்தான் தெரியல."

சுங்காயைச் சுற்றி எத்தனையோ எஸ்டேட். எதில் போய்த் தேடுவது? அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சார்ஜ் தீரவேண்டிய நாள் வந்து போனது, சத்தம் குறையவில்லை. அந்தப் பெரியவரின் இருமல் பழகிப்போனது. கமுந்திங்கில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்வதையும், தான் மறுப்பதையும் அவர் ஆடுகளிடம் விலாவாரியாகச் சொல்வார். பல் கிளினிக் கவுன்டரில் உட்கார்ந்து டோரிஸ் அதைக் கேட்டுச் சிரிப்பாள். நோயாளிகள் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதிரியார் மறையுரை சொல்லிக்கொண்டிருக்கும்போது, வலது காதில் ஏணி சரிந்தது. அந்தப் பெரியவர் விழுந்தார். "அம்மா" என்றார். பிறகு, "யாராச்சும் இருக்கீங்களா?"

டோரிஸ் எழுந்து நடந்தாள். கார் சாவியோடு லியோனார்ட் பின்னால் ஓடினான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்தில் இருப்பவர் சொல்லி ஓட்டியதே இல்லை. அன்று டோரிஸ் சொன்னாள், அவன் ஓட்டினான். சுங்காய் தாண்டியதும், "ஹாரன் அடிங்க," என்றாள். இடது காதில் மட்டும் கேட்டது. அடுத்த செம்பனைத் தோட்டத்தின் வாசலிலும் அப்படியே. அனாவசியமாக ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் ஒவ்வொரு வாசலிலும் கையை எடுக்காமல் அடித்தான். பெரியவரின் குரல் இளைத்துக்கொண்டே வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட ஒரு தோட்டத்தின் மண் சாலையில் திரும்பி அடித்தபோது, ஹாரன் இரண்டு காதிலும் கேட்டது.

"இங்கதான். போங்க, நேரா போங்க!"

இடிக்காமல் விட்டிருந்த பழைய தொழிலாளர் லயத்து வீடுகளில் கடைசி வீட்டுக்குப் பின்னால், ஆட்டுக்கொட்டகைக் கூரையைச் சரிசெய்ய ஏறிய பிச்சைமுத்து கால் முறிந்து கிடந்தார். கைப்பேசி வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது. சட்டைப் பையில் டோரிஸின் கருவி இருந்தது; யாருடையதென்று விசாரித்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம்.

"யார் சொல்லி வந்தீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்கல்லண்ணே," என்று சொல்லிவிட்டு அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள். லியோனார்ட் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

கால் தேறியது. அப்போதும் ஆடுகளை விட்டுவர அவர் சம்மதிக்கவில்லை. மகள் தினேஸ்வரி அழுது தீர்த்துவிட்டு, டோரிஸிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். டோரிஸ் யோசிக்கவே இல்லை. கருவியை எடுத்துப் பிச்சைமுத்துவின் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு காரில் ஏறினாள்.

இப்போது டோரிஸின் இடது காது ஈப்போவிலும் வலது காது சுங்காயிலும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் கிளினிக்குக்குப் போன் போட்டு மழை பெய்கிறதா என்று கேட்டுக்கொள்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் பிச்சைமுத்து, "டோரிஸ்மா, எந்திரிச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் ஆடுகளை அவிழ்ப்பார். "சரிண்ணே," என்பாள் டோரிஸ். அது அவருக்குக் கேட்காது. பிறகு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தோடு கமுந்திங்கிலிருந்து போன் வரும்.

"அக்கா, அப்பா எந்திரிச்சாச்சா?"

"எந்திரிச்சாச்சு லா. தேத்தண்ணி ஆத்திக்கிட்டு இருக்காரு. நீ வேலைக்குப் போ."