ஒரே சுவிட்ச்

அன்று மழை பெய்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. மற்றதெல்லாம் ஓரளவு சரியாகவே நினைவிருப்பதாக நம்புகிறேன். வேலை பார்த்த பழைய பள்ளி மூடிய பிறகு எங்கள் பக்கத்து வீட்டு டீச்சருக்கு வந்த முதல் அழைப்பு அது. வீட்டிலிருந்தே வீடியோவில் நேர்முகத் தேர்வு.

அதற்காக அவள் கணவர் முந்தின நாள் முழுக்க மேஜைக்கடியில் கிடந்தார். எப்போதோ ஒரு பிளக்கை மாற்றியதிலிருந்து டீச்சர் அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவாள். கம்ப்யூட்டர், இன்டர்நெட் பெட்டி, விளக்கு என எல்லா ஒயரையும் இறுக்கிக் கட்டி, ஒரே சுவிட்சில் கொண்டுவந்து விட்டார். விளக்கில் இருந்த தனிச் சுவிட்ச் அழகைக் கெடுக்கிறதென்று வெட்டியெறிந்தார்.

"ஒரு தட்டு தட்டினா போதும், எல்லாம் ஓடும்."

"இத்தனை நாள் ஓடாமலா இருந்துச்சு?"

"பொறாமைடி உனக்கு. ஒரு ஒயராவது கண்ணுல படுதா பாரு!"

தேர்வு நன்றாகத்தான் போனது. நடுவில், "உங்க கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது, விளக்கை அணைங்களேன்" என்றார் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த புதுப் பள்ளியின் தலைமையாசிரியை. டீச்சர் பதற்றத்தில் கைக்கெட்டிய சுவிட்சைத் தட்டினாள். விளக்கோடு திரையும் இருண்டது.

"பிரமாதம் இன்ஜினியர் சார். ஒயரும் கண்ணுல படல, என் வேலையும் கண்ணுல படல."

இன்ஜினியர் மறுபடி மேஜைக்கடியில் புகுந்தார். டீச்சர் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் தலைமையாசிரியையை அழைத்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரும்மா. மீதியைப் போன்லயே பேசிடலாம்."

டீச்சருக்கு வேலை கிடைத்தது. தலைமையாசிரியை மறு வருடம் ஓய்வு பெற்றார். இன்ஜினியர் அடுத்து சமையலறையை ஒழுங்குபடுத்தக் கிளம்பினார், டீச்சர் விடவில்லை.