அவசரத்துக்கு அழைக்கும் இலக்கம்

எலாஸ்ரிக் தளர்ந்த காற்சட்டைக்கு ஒரு ஊக்குக் கேட்டார் என் கணவர் நாகேந்திரம். கொடுத்தேன். "குளிக்கப் போற மனுசனுக்கு அலங்காரம்" என்று அவரைக் கேலி செய்தேன். வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். ஞாயிறுதோறும் போவார்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. திரையில் அவர் பெயர். காதில் வைத்த உடனேயே, "வரேக்க ஒரு தேங்காய் வாங்கி வாங்கோ" என்றேன். மறுமுனையில் யாரோ ஒருவர் சிங்களத்தில், இந்தப் போன்காரர் உங்களுக்கு யார் என்று கேட்டார். கரையில் கழற்றி வைத்த சேர்ட்டுக்குள் போன் இருந்திருக்கிறது. அவரைக் கடல் இழுத்துவிட்டது. பின்னேரம்தான் உடல் கிடைத்தது.

அன்றிலிருந்து போன் அடித்தால் என் கை நடுங்கும். எடுத்தாலும் முதலில் நான் பேசமாட்டேன்.

மூன்று வருடம் கழித்து மகள் அனுஷியா ஒரு படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். திருகோணமலையில் கடலுயிரியல் படிப்பு. இரண்டாம் மாதமே கடலுக்கடியில் சுழியோடப் பழக்குவார்களாம். வீட்டார் கையெழுத்திட வேண்டும்.

"நாளைக்குக் கடைசி நாள், அம்மா."

"ரெண்டு பேரையும் கடலுக்குக் குடுக்க நான் என்ன நேர்த்தியே வச்சனான்? நுகேகொடையில உன்ர மச்சாள் பாங்கில இருக்கிறாள். அங்க போவன்."

"பாங்கில திருக்கை மீன் இல்லையே."

"பகிடியே விடுறாய்?"

"அப்பா என்ன சொன்னவர்? பெரிசாக் கேள் பிள்ளை, சின்னதெண்டால் கொம்மாவே தருவா எண்டு."

"சொன்னவர் எங்க? வந்து கையெழுத்து வைக்கட்டும்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் கொஞ்ச நேரம் மேசை விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயம்தான். பயம் போகுமட்டும் இருந்தால் கிழவியாயிடுவன், அம்மா."

படிவத்தை வாசித்தேன். அவசரத்துக்கு அழைக்கும் இலக்கம் என்ற இடத்தில், நுகேகொடையில் இருக்கும் என் தம்பியின் இலக்கம் இருந்தது.

"இதென்ன, மாமாவின்ர?"

"உங்களுக்குத்தானே போன் எண்டால் கை நடுங்கும்."

ஏதாவது நடந்தால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். என்னிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்து யோசித்து அவன் பஸ் ஏறி வரும்வரைக்கும், நான் இங்கே ஒன்றும் தெரியாமல் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன்.

தம்பியின் இலக்கத்தை வெட்டிவிட்டு என்னுடையதை எழுதினேன். பிறகு கையெழுத்து வைத்தேன். இலக்கத்தின் கடைசி எட்டு ஆறுபோல விழுந்திருந்தது. அனுஷியா பேனையை வாங்கி அதைத் திருத்தினாள்.

முதல் சுழியோட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து போனை மடியில் வைத்திருந்தேன். பதினொன்று பத்துக்கு அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தேன். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா? மேல வந்திட்டன். இது படகுக்காரரின்ர போன். சரியான பசி."

அடுத்த சுழியோட்டம் வியாழக்கிழமை. படிவத்தில் இருப்பது என் இலக்கம்தான்.