ஒவ்வொரு சும்மாவுக்கும் ஒரு நூல்

எழுபத்துமூன்று வயதில் லிஃப்ட் மெக்கானிக் ஒரே வருடத்தில் இரண்டடி குள்ளமானார். நோய் நொடி எதுவும் கிடையாது. டாக்டர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்க்க வேண்டிய தூரம் குறைந்திருக்கிறதே தவிர மற்றதெல்லாம் கச்சிதம் என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்குமுன் அவர் தனியாக இருந்தவர். தானே சமைத்து, தானே துவைத்து, மூன்றாவது மாடிக்குப் படியேறியே போவார். லிஃப்டை நம்புகிறவன் அதன் உள்ளே பார்த்திருக்க மாட்டான் என்பது அவர் கட்சி. மனைவி போன பிறகும் அவர் உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்தில் அசையாமல் நின்றது. வயதான காலத்தில் தனியாக எதற்கு என்று மகள்தான் கையோடு கூட்டிவந்தாள். பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. காய் நறுக்கப் போனால், "நீங்க சும்மா இருங்கப்பா." குழாய் ஒழுகுகிறதே என்று ஸ்பேனரைத் தேடினால், "சும்மா இருங்கப்பா, ஆள் வரும்." ஒவ்வொரு சும்மாவுக்கும் ஒரு நூல் இறங்கினார். எட்டு நூல் ஓர் அங்குலம். வருடக் கடைசியில் நூற்றுத்தொண்ணூற்றிரண்டு சும்மா ஆகியிருந்தது.

கதவின் மேல்தாழ்ப்பாள் அவருக்கு எட்டாமல் போன அன்று மகள் பயந்துவிட்டாள். இப்படியே போனால் அப்பாவே மிஞ்ச மாட்டார். வேண்டுமென்றே மேசை விசிறியின் திருகைத் தளர்த்தி வைத்து, "கொஞ்சம் பாருங்கப்பா" என்றாள். முடுக்கிக் கொடுத்தார். ஒரு நூல்கூட ஏறவில்லை. பொய் வேலை என்று அவர் முழங்காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மாலை ஆபீஸிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பதினாறு வருட வேலை போய்விட்டது. என்ன செய்யட்டும் என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். பக்கத்துல சும்மா இருங்கப்பா, போதும்."

இருந்தார். முதலில் அவள் தலைசாயத் தோள் எட்டவில்லை. ஏழு மணிக்குள் எட்டியது. சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்துப் பாத்திரங்களுக்கடியில் உருண்டன.

மறுவாரம் அவர் தன் வீட்டுக்குக் கிளம்பினார். பெட்டி நல்ல கனம். தூக்கிவிட மகளுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இப்போது மனசு சரியில்லாத நாட்களில் அவள்தான் மூன்று மாடி ஏறிப் போகிறாள். அவர் ஐந்தடி ஒன்பது இருக்கிறார். பழைய உயரத்தைவிட ஓர் அங்குலம் கூடுதல். பேன்ட் மட்டும் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.