பச்சை முருக்கம்பூ

தபசுகாலத்து நாற்பது நாளும் தெரசா தலையில் பூ வைப்பதில்லை. அம்பத்தூரில் அவர்கள் கத்தோலிக்கச் சனத்துப் பெண்கள் யாருமே வைப்பதில்லை. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், அப்புறம் இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் வெறும் கொண்டைதான். மாதா கோயில் பீடத்திலும் பூ இருக்காது. ஆனால் ஊரைச் சுற்றியிருக்கிற செடிகொடிகளுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. மாசிப் பனி விலக ஆரம்பித்ததும் அவை போட்டி போட்டுக்கொண்டு பூக்கும். புங்கமரம் பொரி இறைக்கும். வேலியோரத்து ஆவாரை மஞ்சளைக் கொட்டி வைத்திருக்கும். ஏரித் தண்ணீர் பின்வாங்கிய ஈரமண்ணில் கொட்டைக்கரந்தை குட்டிக் குட்டி ஊதா உருண்டைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

தலையில் வைக்க முடியாததைத் தாளிலாவது வைக்கலாமே என்று தெரசாவுக்குத் தோன்றியது பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த வருஷம். அன்றிலிருந்து தபசுகாலத்து ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் நோட்டும் பென்சிலும் வர்ணப் பெட்டியுமாக அயனம்பாக்கத்து ஏரிக்கரைக்கு நடந்துவிடுவாள். வரைந்ததையெல்லாம் வகுப்பறைச் சுவரில் ஒட்டுவாள்.

இது 1937ஆம் வருஷத்துத் தபசுகாலம். இந்த முறை அவளோடு இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி அண்ணி ஜெயகுமாரி. இன்னொருவன் கிறிஸ்துராஜ். பூந்தமல்லியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவன். தெரசாவைப் பெண் கேட்டிருப்பவன்.

தாய் தகப்பன் இல்லாத தங்கைக்கு அண்ணன் ராயப்பன்தான் எல்லாம். அம்பத்தூர் ஸ்டேஷனில் தண்டவாளத்தை மாற்றிவிட்டு வண்டிக்குக் கொடி காட்டுகிற பாயிண்ட்ஸ்மேன். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் அவன் கக்கத்தில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை.

"தெரசா, எனக்கு உங்க அண்ணி மூஞ்சிய பீடத்துக்கு முன்னாலதான் பாக்கக் குடுத்து வெச்சுது. அப்புறம் ஒரு வருசம் சண்டை," என்றான் அவன்.

"இப்ப மட்டும் இன்னா வாழுதாம்?" என்றாள் ஜெயகுமாரி அடுப்படியிலிருந்து.

"கேட்டியா? அதனால நீயாவது பேசிப் பாத்துக்கோ. அண்ணிய கூட இட்டுகினு போ. குருத்து ஞாயித்துக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லிடு. சாமியாரு ஓலை வாசிக்கணுமில்ல, அவருக்கு நான் பேரு குடுக்கணும்."

குருத்து ஞாயிறு பாஸ்குக்கு முந்தின ஞாயிறு; பாஸ்கு கழிந்து மூன்று ஞாயிறு கோயிலில் சாமியார் இருவர் பேரையும் கல்யாண ஓலையாக வாசித்தால்தான் கல்யாணம். பேர் வாசித்த பிறகு பின்வாங்குவது பெரிய அவமானம். ஆகவே தெரசாவுக்கு இருந்தது ஐந்து ஞாயிறு. ஐந்து ஞாயிறில் ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஞாயிறு கிறிஸ்துராஜ் சைக்கிளின் பின்னால் காமிராவையும் அதன் மூன்று கால் கட்டையையும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஸ்டூடியோவில் ஒதுக்கிப் போட்ட பழைய காமிரா. படம் பதிகிற கண்ணாடித் தகடு வாரத்துக்கு இரண்டுதான் கிடைக்கும் என்றான். அதற்கு மேல் அவன் அதிகம் பேசவில்லை. ஜெயகுமாரி பனைமரத்து நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே அவனை எடைபோட்டாள்.

"தம்பி, வாயில இன்னா வெச்சுகினு கீறீங்க? முத்தா?"

"இல்லக்கா. பூ ஆடுது. காத்து நிக்கணும்னு பாத்துகினு கீறேன்."

இரண்டு தகட்டுக்காக இரண்டு மணி நேரம் மண்ணில் குப்புறப் படுத்திருந்தான். தும்பைச் செடியின் முன்னால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அவன் கிடந்ததைப் பார்த்து மாடு ஒன்று மிரண்டு ஓடியது. தெரசாவுக்குச் சிரிப்பு வந்தது. பிடித்தும் இருந்தது. அவசரம் இல்லாத ஆண்பிள்ளையை அவள் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் ஞாயிறு ஏரிக்குள் காய்ந்திருந்த பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது அவன் சட்டென்று கையை அவளுக்குக் குறுக்கே நீட்டினான்.

"நில்லுங்க, டீச்சரம்மா. முட்டை."

"எங்கே?"

"காலுக்கு முன்னாலதான்."

அவள் குனிந்தாள். மண்ணாங்கட்டிதான் தெரிந்தது. அவன் விரல் நீட்டிய பிறகு, கூழாங்கற்களுக்கு நடுவில் நான்கு ஆட்காட்டி முட்டைகள், மண்ணின் நிறத்தில், மண்ணின் புள்ளிகளோடு. தலைக்கு மேலே தாய்ப்பறவை கத்திக்கொண்டு சுற்றியது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பாள். அன்று அவள் அந்த முட்டைகளை வரைந்தாள். அவன் அங்கே காமிராவை நிறுத்தவில்லை; பறவை பயப்படும் என்று தள்ளி நடந்துவிட்டான். அதுவும் அவளுக்குப் பிடித்தது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுடைய நோட்டை வாங்கிப் புரட்டுவான். நிதானமாகப் பார்ப்பான். "கோடு நல்லா கீது" என்பான். வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அவள் உயிரைக் கொடுத்து ஊதாவையும் வெள்ளையையும் கலந்து கொட்டைக்கரந்தையின் சாயலைப் பிடித்திருப்பாள். அதற்கும் "கோடு நல்லா கீது"தான்.

"ஏன், நிறம் சரியா வரலையா?" என்று மூன்றாம் ஞாயிறு கேட்டேவிட்டாள்.

"உங்க விருப்பம்," என்று சொல்லிவிட்டுக் காமிராவைத் துடைக்கப் போய்விட்டான்.

வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. நாளைக்கு இந்த மனிதனோடு ஒரு வீட்டில் இருக்கப்போகிறோம். நான் செய்கிற எதையும் பாதி மட்டும் பாராட்டுவார், மீதியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார், நான் ஆயுசு முழுக்க என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா? வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம், "வேண்டாம்னு சொல்லிடலாம்னு பாக்கிறேன்," என்றாள்.

"அட, இரு. இன்னும் ரெண்டு ஞாயிறு கீதில்ல? ஏரியில கீரை நல்லா வெளைஞ்சு கெடக்குது," என்றாள் ஜெயகுமாரி.

நான்காம் ஞாயிறு கிறிஸ்துராஜ் சட்டைக்குள் ஒரு காகித உறையைப் பத்திரமாக வைத்துக் கொண்டு வந்தான். கரையில் ஏறியதும் அதை அவளிடம் நீட்டினான்.

"நானே வர்ணம் போட்டது. ஸ்டூடியோவுல அதெல்லாம் மொதலாளிதான் செய்வாரு. உங்களுக்குன்னு நான் ராத்திரி உக்காந்து போட்டேன்."

உள்ளே ஒரு போட்டோ. அதற்கு முந்தின வாரம் மதகுக்குப் பக்கத்தில் எடுத்த முருக்கமரக் கிளை. இலை ஒன்றுகூட இல்லாத முள்கிளை. அதன் நுனியில் கொத்துக் கொத்தாகப் பூ. கோயிலுக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போகிற பூ அது, அவ்வளவு சிவப்பு. படத்தில் ஒவ்வொரு இதழுக்கும் மெல்லிய தூரிகையால், சிறிதும் வெளியே வழியாமல், பச்சை பூசியிருந்தது. நல்ல வாழையிலைப் பச்சை.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஜெயகுமாரி வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னா தம்பி, இந்தப் பூ இன்னும் பழுக்கலையா?"

தெரசா சிரிக்கவில்லை. அவள் பார்த்தது படத்தையல்ல, அவன் முகத்தை. அவன் படத்தைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். எங்கே தப்பு என்று தேடுகிற பார்வை அது. வகுப்பில் கணக்குப் புரியாத பிள்ளைகளிடம் அவள் தினமும் பார்க்கிற பார்வை.

"அண்ணி, அந்தப் பக்கம் பொன்னாங்கண்ணி நிறைய இருக்கு பாருங்க," என்றாள்.

ஜெயகுமாரி இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"இது என்ன நிறம்?" என்று தெரசா மெதுவாகக் கேட்டாள்.

அவன் ஏரியைப் பார்த்தபடி சொன்னான். "கிண்ணத்துல மொதலாளி கலந்து வெச்சிருந்தாரு. சீட்டு ஒட்டலை. செகப்புன்னு நெனச்சி எடுத்தேன். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாங்க. செகப்பு, பச்சை, பழுப்பு, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நீலம் தெரியும். மஞ்சள் தெரியும். உங்க படத்துல கோடு தெரியும். தெரிஞ்சதைத்தான சொல்ல முடியும்?"

தெரசா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரமாக அவள் கட்டிய கோட்டை கண்ணெதிரில் சரிந்தது. அந்த மனிதன் பாதியை மறைத்துக்கொண்டு பாராட்டவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது முழுவதையும் பாராட்டியிருக்கிறான்.

"அப்போ அந்த முட்டை? எனக்குத் தெரியலையே!"

"உங்களுக்கு மண்ணு கலரும் முட்டை கலரும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கும். எனக்குக் கலரு ஒரு பொருட்டே இல்ல. உருண்டையா எது கீதுன்னுதான் கண்ணு தேடும்." அவன் காமிராவைத் தட்டினான். "இந்தத் தகடும் நம்ம ஜாதிதான். செகப்பு இதுக்கும் தெரியாது, கறுப்பாத்தான் வுழும். அதனாலதான் இந்த வேலைக்கு வந்தேன். மொதல்ல ரயில்வேக்குத்தான் எழுதிப் போட்டேன். கண்ணு பாக்கிற எடத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க."

"பெண் கேட்டு வந்தன்னைக்கு, ரயில்வேக்கு ஏன் போகலைன்னு அண்ணன் கேட்டதுக்குப் பிடிக்கலைன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்க அண்ணன் கொடி புடிக்கிறவரு. செகப்பு தெரியாதவனை அவரு மனுசனாவே மதிக்க மாட்டாரு. சொன்னா குடுக்க மாட்டாரு."

"சொல்லாம கேட்டா நான் வர மாட்டேன்," என்றாள் தெரசா. குரல் கடுமையாக வரவில்லை; ஆனால் உறுதியாக வந்தது. "நானும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். குருத்து ஞாயிறு பூசைக்கு அப்புறம் அண்ணன் வீட்டில்தான் இருப்பார்."

அந்த ஒரு வாரம் போல நீளமான வாரத்தை அவள் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது ஏழாம் வாய்ப்பாட்டில் இரண்டு முறை தடுமாறினாள். வருவானா? வந்தால் சொல்வானா? சொன்னால் அண்ணன்?

குருத்து ஞாயிறு வந்தது. கையில் குருத்தோலையோடு பவனி முடிந்து வீடு திரும்பி, ராயப்பன் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

கிறிஸ்துராஜ் உட்காரக்கூட இல்லை. நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். ரயில்வேக்கு எழுதிப் போட்டது, திருப்பி அனுப்பியது, பிடிக்கவில்லை என்று பொய் சொன்னது, பச்சைப் பூ வரைக்கும்.

கேட்டு முடித்ததும் ராயப்பன் உள்ளே போனான். சுருட்டி வைத்திருந்த இரண்டு கொடிகளில் ஒன்றை எடுத்து வந்து கிறிஸ்துராஜின் முகத்துக்கு நேரே விரித்தான்.

"இது இன்னா?"

"கொடி."

"கொடின்னு எனக்கும் தெரியும், நைனா. இன்னா கலரு?"

கதவருகில் நின்ற தெரசா கொடியைப் பார்த்தாள். அது பச்சை. இரண்டே நிறம்தான், ஏதாவது ஒன்றைச் சொல்லிவைத்தால் பாதிக்குப் பாதி தப்பிக்கலாம்.

கிறிஸ்துராஜ் கொடியை உற்றுப் பார்த்தான். "தெரியலைங்க," என்றான்.

"சும்மா ஒண்ணு சொல்லேன்."

"தெரியாததை எப்பிடிங்க சொல்றது? ஒரு தபா சொல்லித்தான் இவ்ளோ தூரம் வந்துது."

ராயப்பன் கொடியை மெதுவாகச் சுருட்டினான்.

"இருபது வருசமா லைன்ல கீறேன்," என்றான் கடைசியில். "கண்ணு சரியில்லாதவனைப் பாத்து எனக்குப் பயமே இல்ல. அவனை வேற வேலையில போட்டுடலாம். தெரியாமலே தெரியும்னு கொடி காட்டுறான் பாரு, அவன்தான் வண்டியக் கவுக்கிறவன்." தங்கையின் பக்கம் திரும்பினான். "நீ இன்னாம்மா சொல்றே? சிக்னல் பாக்கத் தெரியாத மாப்ள. நெனச்சி சொல்லு."

"நான் என்ன ரயிலா அண்ணே, என்னைச் சிக்னல் பார்த்து ஓட்டுறதுக்கு?" என்றாள் தெரசா. சொன்ன பிறகு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "சாமியார்கிட்ட பேர் குடுத்துடுங்க."

ஜெயகுமாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பிடிப் போடு! இத்தினி நாளா எங்கடி வெச்சிருந்தே இந்த வாயை?"

"மாப்ள வாயில இருந்த முத்தெல்லாம் இவ வாங்கிட்டா போல," என்று ராயப்பன் கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சாமியாரைப் பார்த்துவிட வேண்டுமாம். "ஓலைக்கு ஞானஸ்நானப் பேரு முழுசா எழுதிக் குடு, மாப்ள. எழுத்தாவது தெரியுமில்ல?"

"அது கறுப்பு மை தானுங்களே," என்றான் கிறிஸ்துராஜ். முதல் முறையாக அவன் வாய்விட்டுச் சிரித்ததைத் தெரசா பார்த்தாள். பல்வரிசை அழகாக இருந்தது. ஐந்து வாரமாக இது கண்ணில் படவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போய் நோட்டையும் வர்ணப் பெட்டியையும் எடுத்து வந்தாள். வேம்பு பூத்துவிட்டது, வெயில் ஏறுவதற்குள் போனால்தான் வரைய முடியும். செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணிக்காக வாசலில் நின்றாள்.

ஜெயகுமாரி அடுப்பை ஊதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு உலை கொதிக்குது. நீங்க ரெண்டு பேரும் முன்னால போய்கினே இருங்க," என்றாள்.