வெளியே திறக்கும் கதவு

பொன்னுத்தங்கம் புதிதாக மாட்டியிருந்த கதவை உள்பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரம்மாவான அவளிடம் கேட்டாக வேண்டும். அடித்தபின் நேரில் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். கரையான் அரித்த வாசல் கதவை மாற்றிக்கொள்ள, குடியிருக்கும் நாகஜோதி போன வாரமே அனுமதி வாங்கியிருந்தாள். எந்தப் பக்கம் திறக்கிற மாதிரி மாட்டப்போகிறோம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

ஆசாரி ஊர்க்காவலன் உளியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக் கதவு வெளியே திறந்தால் லட்சுமி எப்படி உள்ளே வருவாள், நாலு வீட்டுக்கும் பொதுவான நடையில் போகிறவர்கள் மூஞ்சியில் இடிக்காதா என்று பொன்னுத்தங்கம் பிடித்துக்கொண்டாள். கழற்றிப் பழையபடி மாட்டச் சொன்னாள். அவள் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"அவுக வேல பாத்த ரூமுக்குக் கதவு உள்பக்கந்தாங்க்கா தொறக்கும்," என்றாள் நாகஜோதி. "தீப்பிடிச்சதும் எல்லாரும் ஓடியாந்து கதவு மேலயே விழுந்துட்டாக. இழுத்துத் தொறக்க எடமில்ல."

புருஷன் சிவபாண்டி அந்தத் தீயில் போனதிலிருந்து அவள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியதே இல்லை. பட்டாசுக் கம்பெனி அறைக்கதவுகள் வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்பது சட்டம். சோதனைக்கு வந்த அதிகாரிகள் அந்தக் கதவையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஓர் ஆணிக்கு இந்த வீட்டுக்காரம்மா காட்டுகிற அக்கறையில் பாதி அவர்களுக்கு இருந்திருந்தால் தன் புருஷன் உயிரோடு இருந்திருப்பான் என்று நினைத்தாள்.

பொன்னுத்தங்கம் கீலில் படிந்திருந்த மரத்தூளை முந்தானையால் துடைத்தாள்.

"இருக்கட்டும். காலி பண்ணும்போது மாத்திக் குடுத்துரு."

எல்லாரும் போனபின் நாகஜோதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தரையில் படுத்தாள். எத்தனையோ நாளுக்குப்பின் கண் அசந்தது. தடதடவென்ற சத்தத்தில்தான் விழித்தாள்.

"அம்மா, தொறக்க மாட்டேங்குதும்மா."

பள்ளிக்கூடம் விட்டு வந்த பாண்டிமீனாவின் குரல். நாகஜோதி தாழ்ப்பாளை நீக்கி மெல்லத் தள்ளினாள். கதவு நகரவில்லை. பிள்ளைக்குக் கதவு மாறிய விஷயம் தெரியாது. பழைய நினைப்பில், புத்தகப் பையோடு சாய்ந்து தன் பலத்தையெல்லாம் கூட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பின்னால் போ தாயி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு அந்த அறைக்குள் சிவபாண்டியும் இதைத்தான் சொல்லிக் கத்தியிருப்பான்.

நாகஜோதி இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்தபடி நின்றாள். அந்தப் பக்கம் சின்னக் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன.