இழுப்பு என்று எழுதிய சீட்டு

டாக்டரிடம் போகும்போது சீட்டு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். ஒரு எண்ணுக்கு ஒரு விஷயம். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பழகியது.

1995 கார்த்திகையில் எங்கள் மகள் ஸ்வர்ணலதாவுக்கு ஏழு மாதம். திடீரென்று கை கால் வெட்டி இழுக்கும், கண் மேலே சொருகும். தி. நகரில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் லீவு கிடைக்கவில்லை. என் மனைவி பேச்சியம்மாள்தான் மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் தூக்கிப் போனாள். கையில் என் சீட்டு.

1. வயது ஏழு மாதம்.
2. தாய்ப்பால் குடிக்கிறாள்.
3. பத்து நாளாக இழுப்பு வருகிறது.

டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாராம்.

"இப்ப இழுப்பு இல்லையேம்மா."

"வந்து வந்து போகுது டாக்டர்."

"மழைக்காலம். அப்படித்தான் இருக்கும்."

ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். சில நாள் இழுப்பு வராது. மருந்து கேட்குது என்போம். மறுபடி வரும், மறுபடி அதே சிரப். பத்து மாதம் போயிற்று. குழந்தை பிந்தி உட்கார்ந்தாள். நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.

இந்தத் தடவை லீவு போட்டு நானும் கூடப் போய் அடையாறில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"கால்சியம் ரொம்பக் கம்மி. அதான் ஃபிட்ஸ் வந்துண்டே இருந்திருக்கு. இத்தனை நாளா யாருமே ரத்தம் பார்க்கலையா?"

பழைய சீட்டையும் மருந்துச் சீட்டையும் எடுத்து நீட்டினேன்.

"வீசிங்குக்கு மருந்து குடுத்திருக்காரே."

"வீசிங்னா என்னம்மா?" என்றாள் பேச்சி.

"இழுப்பும்மா. மூச்சு இழுப்பு."

எங்கள் ஊரில் மூச்சு வாங்கினால் அது இளைப்பு. கை கால் இழுத்தால்தான் இழுப்பு. நான் ழகரம் பிசகாமல் எழுதியிருந்தேன்.

"பேச்சு வருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கால்சியம் குறைஞ்சதுக்கும் வளர்ச்சி பிந்தினதுக்கும் சம்பந்தம் உண்டு. அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. இனிமே ஃபிட்ஸை நிறுத்தலாம். மத்தது போகப் போகத்தான் தெரியும்."

திரும்பும்போது பஸ்ஸில் குழந்தையைப் பேச்சி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதுனது நான்தான் பேச்சி."

"சொன்னது நான்லா. நீங்க கேட்டு எழுதுனீய."

"மூச்சா, கையான்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்."

"ஆமா, வரவு செலவுக்கு வைக்கிற மாதிரி நம்பர் மட்டும் வையுங்க," என்றாள். சொன்ன பிறகு குழந்தையின் தலையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கால்சியம் மருந்து தொடங்கிய சில வாரங்களில் வெட்டு நின்றது. தை பிறந்ததும் கோவில்பட்டிக்கு மாமியாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

1. அனைவரும் நலம்.
2. குழந்தைக்கு இழுப்பு நின்றுவிட்டது.
3.

அந்த ஊருக்கு எழுதும்போது அந்தச் சொல் சரியான சொல்தான்.

"மூணுன்னு போட்டு சும்மா வச்சிருக்கீயளே," என்றாள் பேச்சி.

"பேச்சு வந்துச்சான்னு போன கடுதாசியில அத்தை கேட்டிருந்தாங்க. என்ன எழுதட்டும்?"

ஸ்வர்ணலதா என் பேனா மூடியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பேச்சி அவள் பெயரை மெல்லக் கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். மூடி உருண்டது.

"அந்த நம்பரை அடிச்சிருங்க," என்றாள்.

அடிக்கக் கை வரவில்லை. வெறும் எண்ணோடு கவரை ஒட்டினேன்.