விட்டுக்கொடுத்த பிடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் புருஷனின் குட்டு வெளிப்பட்டது. கைப்பேசியை நோண்டியோ சட்டைப் பையைத் துழாவியோ அவள் கண்டுபிடிக்கவில்லை. டிவி திரையின் ஓரத்திலேயே பளிச்சென்று போட்டிருந்தது.

சில்லு என்பது வீடியோ கேமில் அவள் வைத்துக்கொண்ட பெயர். வேலை, படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுவது. எட்டு மாதம் முன்பு ஒரு கண்ணாடி நழுவி வலது கட்டைவிரல் நரம்பை அறுத்துவிட்டது. தைத்தார்கள், விரலும் மடங்கியது. ஆனால் பழைய வேகம் வருமா என்று கேட்டதற்கு டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். கடை வேலைக்கு அந்த வேகம் தேவையில்லை. சண்டை கேமுக்குத் தேவை. அவளுடைய பேர்போன பிடி ஒன்று இருக்கிறதே, எதிராளியைத் தூக்கித் தரையில் அடிப்பது, அதற்குக் கட்டைவிரலைச் சாய்த்து இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு நொடியை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அவகாசம். இம்மி பிசகினாலும் பிடி மெதுவாக வரும். விழித்திருக்கிற எவனும் தாவித் தப்பிவிடுவான்.

வீட்டில் அவளோடு ஆடுகிறவன் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாதமாக அவள் பிடியில் பத்துக்கு எட்டு முறை மாட்டிக்கொண்டிருந்தான். "அம்மாடி, இடுப்பு போச்சு!" என்று கத்துவான் வேறு. அந்தத் தைரியத்தில்தான் இன்றைய நாலு மணிப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். கோப்பை கீப்பையெல்லாம் அவளுக்கு வேண்டாம். கை திரும்பி வந்துவிட்டதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன், நேற்று ஆடிய ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டாள். யார் எப்போது எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று காட்டும் வசதியையும் போட்டாள். சேர்த்து அழுத்தியிருந்தால் இரண்டு பொத்தானும் ஒரே வரியில் விழும். அவளுடையவை ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்திருந்தன. ஒரு முறையா, இரண்டு முறையா? ஏழு முறை! பச்சைக் குழந்தைகூடத் தப்பியிருக்கும். அப்படியானால் இந்த மனுஷன் எப்படி மாட்டினான்? அவன் பக்கத்து வரிகளைப் பார்த்தாள். காலி. அவள் பிடிக்க வரும்போதெல்லாம் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

வந்தான். திரையைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"முதல் தடவை நிஜமாவே தவறிடுச்சும்மா. அன்னிக்கு நீ சிரிச்ச பாரு... ஏழு மாசத்துல அப்பதான் சிரிச்ச. அதுக்கப்புறம் தப்பிச்சு ஓட எனக்கு மனசு வரல."

"அதுக்காக? நான் தோத்தா தோத்துட்டுப் போறேன். ஜெயிச்சுட்டேன்னு பொய் சொன்னா, நான் என் கையையே எப்படிங்க நம்புறது?"

அழுகை முட்டியது. நல்லவேளையாகக் கோபம் முந்திக்கொண்டது. "உட்காருங்க. இப்ப மட்டும் விட்டுக் குடுத்தீங்க, நடக்கறதே வேற!"

மூன்று மணி வரை ஆடினார்கள். அவன் நிஜமாகவே தாவினான். நாற்பது பிடி போட்டாள், ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொரு முறை தப்பும்போதும் அவன் முகம்தான் அறை வாங்கியது போல ஆயிற்று.

"பேரை வாபஸ் வாங்கிடலாமா? விரல் வலிக்குதுன்னு நான் சொல்லிடறேன்."

"நீங்க இதுவரைக்கும் சொன்ன பொய்யே போதும் சாமி," என்று செருப்பை மாட்டினாள்.

விளையாட்டுக் கூடம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. குலுக்கலில் அவளுக்கு எதிராக வந்தவன் ஒரு கூரியர்காரன். சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தான். ஒரு தலையசைப்புக்கும் அவனுக்கு நேரமில்லை. முதல் ஆட்டத்தில் அவளைத் துவைத்துக் காயப்போட்டான். ஐந்து முறை பிடிக்கப் போனாள், ஐந்து முறையும் தாவிவிட்டான். பின்னால் நின்ற மெக்கானிக் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டு விரலுக்கு வந்திருந்தான்.

இரண்டாவது ஆட்டம். இன்னும் ஓர் அடி விழுந்தால் அவள் கதை முடிந்தது. ஆறாவது பிடிக்குப் போனாள். தப்பிக்கக் கூரியர்காரன் பொத்தானைக் குத்திய சத்தம் நாலு மேசை தள்ளிக் கேட்டது. அப்படியும் மாட்டினான். அவனுடைய ஆள் அந்தரத்தில் சுழன்று பொத்தென்று தரையில் விழுந்தான்.

"அட!" என்று முதல் முறையாக அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான் கூரியர்காரன். பிறகு திரையில் அவனுடைய ஆள் எழுந்து, ஒரே உதையில் அவளுடைய ஆளை முடித்துவிட்டான்.

முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியாயிற்று. ஆறுதல் சொல்ல ஓடி வந்த புருஷன் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயெல்லாம் பல்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. நல்ல பிடி."

"அது இல்லைங்க!" அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அந்தாளுக்கு நான் யாருன்னே தெரியாது!"